தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம்

லேக் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் நம்மவர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழை இலை, தொடுத்த மல்லிகை, புதிதாய் அரைத்த காப்பிப்பொடி எல்லாம் அங்கே கிடைப்பதால் பெஹாலா, டாலிகஞ்ச் பக்கத்திலிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போன மாதம் பூக்கடை வாசலில் எனக்குத் தெரிந்த டீச்சர் அம்மாள் ஒருவரைச் சந்தித்தேன். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறார்.

அன்று அவர் முகம் வாட்டமாக இருந்தது. ஏழாம் வகுப்புக்குப் புதுக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்களாம். ஆசிரியர் கூட்டம் கூட்டினார்களாம். கூட்டம் தொடங்கும்போதே புத்தகக் கட்டுகள் வராந்தாவில் வந்து இறங்கியிருந்தனவாம். கூட்டத்தில் நடந்த ஒரே காரியம் நோட்டீஸ் புத்தகத்தில் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று தம்மை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை என்று சொன்னார். பிறகு, ஆசிரியர்கள் கூடிப் பேசித் தீர்மானித்து நடத்திய பள்ளி என்று உலகத்தில் எங்கேயாவது உண்டா தம்பி என்று கேட்டார். ஹவுராவில் வண்டி ஏறினால் மூன்று மணி நேரத்தில் அங்கே போய் இறங்கலாம் டீச்சர் என்றேன். அவர் நம்பவில்லை. ஆபீஸ் வேலை முடிந்த ராத்திரிகளில் புத்தகங்களைப் புரட்டி இதை எழுத நேர்ந்தது அதனால்தான்.

நான் சொன்னது போல்பூர் ஸ்டேஷனை. அதை ஒட்டியிருக்கும் சாந்திநிகேதனத்தை அறியாதவர் நம்மில் இல்லை. தாகூர் என்றதும் கீதாஞ்சலியும் நோபல் பரிசும் தேசிய கீதமும் நினைவுக்கு வருகின்றன. நாற்பது ஆண்டுகள் அவர் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி இழுத்த கதை மட்டும் அந்தப் புகழின் அடியில் மறைந்துகிடக்கிறது.

ரவீந்திரநாத் தாகூர் 1861-ம் ஆண்டு மே 7-ந் தேதி வடகல்கத்தா ஜோராசங்கோ வீட்டில் பிறந்தார். மகரிஷி தேவேந்திரநாதருக்கும் சாரதா தேவிக்கும் பதினான்காவது குழந்தை. ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயிண்ட் சேவியர்ஸ் என்று பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்தும் பையன் எதிலும் ஒட்டவில்லை. பதினான்கு வயதுக்குள் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. 1878-ல் சீமைக்கு அனுப்பினார்கள். 1880-ல் பட்டம் ஏதும் இல்லாமல் திரும்பினார். மெட்ரிக்குலேஷனோடு நின்றுபோன என் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஆனால் அவருக்குச் சொத்து இருந்தது, நமக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1883-ல் மிருணாளினி தேவியை மணந்தார். 1890-க்குப் பிறகு தகப்பனாரின் கட்டளைப்படி பத்மா நதிக்கரையில் ஷிலைதா முதலிய இடங்களில் ஜமீன் நிர்வாகத்தைக் கவனித்தார். தம் பிள்ளைகளைத் தாம் ஓடிவந்த மாதிரியான பள்ளிகளுக்கு அனுப்ப மனமில்லை. வீட்டிலேயே ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் ஜகதானந்த ராய் என்பவர் ஜமீன் கச்சேரியில் கணக்கெழுதுகிற குமாஸ்தா. பேரேட்டை மூடிவைத்துவிட்டு விஞ்ஞானக் கட்டுரை எழுதுகிற குமாஸ்தா. இவரைப் பின்னாலும் பார்ப்போம்.

1901 டிசம்பர் 22-ந் தேதி, வங்காளிகளின் பௌஷ மாதம் 7-ம் நாள், சாந்திநிகேதனத்தில் பிரம்மச்சரிய ஆசிரமம் என்ற பெயரில் பள்ளி தொடங்கிற்று. மாணவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் கவியின் மூத்த மகன் ரதீந்திரநாத். முதலில் சம்பளம் வாங்கவில்லை. சாப்பாடும் பள்ளியே போட்டது. மிருணாளினி தேவியின் நகைகள் ஒவ்வொன்றாக விலைபோயின. பூரியில் இருந்த வீடும் போயிற்று.

ஆரம்பத்தில் அது எல்லாரும் கூடித் தீர்மானிக்கிற பள்ளியாக இல்லவே இல்லை. பழைய குருகுலத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்ற வேகத்தில் கவி இருந்தார். காவி உடை, வெறுங்கால், விடியற்காலைக் குளியல், தியானம் என்று எல்லாம் மேலிருந்து வந்த விதிகள். சாதி வித்தியாசமும் உள்ளே இருந்தது. 1902-ல் குஞ்சலால் கோஷ் என்பவர் ஆசிரியராக வந்தார். பிராமணர் அல்லாதவர். பிராமணப் பிள்ளைகள் அவர் காலைத் தொட்டு வணங்கலாமா என்ற பிரச்சினை எழுந்தது. இந்து சமூகத்துக்கு ஒவ்வாத எதையும் பள்ளியில் வைக்கவேண்டாம், பிராமண ஆசிரியர்களுக்குக் கால் தொட்டு வணக்கம், மற்றவர்களுக்குக் கைகூப்பு போதும் என்று கவி கடிதம் எழுதினார். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. பிற்காலத்தில் உலகத்தையே ஒரு கூடு என்று கண்டவர், நாற்பத்தொரு வயதில் இப்படியும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஒரே மனிதர் கையில் முழு அதிகாரமும் இருந்தால் அவருடைய தப்பும் சேர்ந்து சட்டமாகிவிடுகிறது.

அதே 1902 நவம்பரில் இன்னொரு கடிதமும் எழுதினார். மிருணாளினி தேவி நோயாகக் கல்கத்தாவில் படுத்திருந்தார். பள்ளியைப் பக்கத்தில் இருந்து கவனிக்க முடியாத நிலை. குஞ்சலால் பாபுவுக்கு நீளமாக எழுதிய அந்தக் கடிதத்தில் பள்ளியின் நோக்கம், தினசரி நடைமுறை எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, நிர்வாகத்தை மனோரஞ்சன் பந்தோபாத்யாயா, ஜகதானந்த ராய், சுபோத் சந்திர மஜும்தார் என்ற மூன்று ஆசிரியர்களின் குழுவிடம் ஒப்படைத்தார். அந்தப் பள்ளியில் ஆசிரியர் குழு என்ற விதை விழுந்தது அங்கேதான். கொள்கையால் விழுந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த மாதம் 23-ந் தேதி மிருணாளினி தேவி காலமானார். 1903-ல் மகள் ரேணுகா போனாள். 1904 தொடக்கத்தில் சதீஷ் சந்திர ராய் என்ற இளம் ஆசிரியர் சாந்திநிகேதனத்திலேயே அம்மை கண்டு இறந்தார். நல்ல கவிஞர், கவிக்குப் பிள்ளை மாதிரி. பள்ளியைச் சில மாதங்கள் ஷிலைதாவுக்கே மாற்றவேண்டி வந்தது. 1905-ல் தகப்பனார் காலமானார். 1907-ல் பதினொரு வயதுக் கடைசி மகன் சமீந்திரநாத் காலராவில் மறைந்தான். இத்தனைக்கும் நடுவே வங்கப் பிரிவினைக் கிளர்ச்சி, ஜமீன் வேலை, கடன். பிரதம ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். போகாமல் நின்றவர்கள் மரத்தடியில் பாடம் நடத்திய ஆசிரியர்கள்தான். பள்ளி யார் தோளில் நிற்கிறது என்று கவிக்குப் புரிந்தது அந்த வருஷங்களில்தான் என்பது என் எண்ணம்.

பியர்சன் என்ற ஆங்கிலேயர் அங்கே ஆசிரியராக இருந்து 1916-ல் சாந்திநிகேதனத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வருகிற ஏற்பாட்டைப் படித்தால் டீச்சர் அம்மாள் மூக்கில் விரலை வைப்பார். பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் என்று நிரந்தரமாக ஒருவர் கிடையாது. ஆசிரியர்களே கூடி ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழுவில் ஒருவரை ஒரு வருஷத்துக்கு நிர்வாகத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். வருஷம் முடிந்தால் மறுபடி தேர்தல். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர்களிலேயே ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் புத்தகம், எந்த முறை என்று அவர் மற்றவர்களோடு கலந்து பேசுவார். பேசி முடித்த பிறகும் வகுப்பில் தம் வழியில் நடத்த ஒவ்வோர் ஆசிரியருக்கும் சுதந்திரம் உண்டு. பிள்ளைகளும் தங்களுக்குள் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். தப்புச் செய்த பையனை அவர்களே நடத்திய நியாயசபை விசாரித்தது. பிரம்புக்கு அங்கே வேலையில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஆட்கள் வளர்ந்தார்கள். ஜகதானந்த ராய் கணக்கும் விஞ்ஞானமும் நடத்தினார். கண்டிப்பானவர். சிறுவர்களுக்கென வங்காளத்தில் அவர் எழுதிய விஞ்ஞான நூல்கள் பல. இன்னொருவர் ஹரிசரண் பந்தோபாத்யாயா. இவரும் பதிசர் ஜமீன் ஆபீசில் வேலை பார்த்தவர். ஒருநாள் கவி அங்கே போனபோது, பகலில் கச்சேரி வேலை பார்க்கிற இவர் சாயங்காலத்தில் சம்ஸ்கிருதம் படிக்கிறார் என்று தெரிந்துகொண்டார். 1902-ல் அவரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். ஹரிசரண் 1905-ல் ஒரு வங்காள அகராதியை எழுதத் தொடங்கினார். நடுவில் பணக்கஷ்டம் வந்து கல்கத்தாக் கல்லூரி ஒன்றுக்கு வேலைக்குப் போகவேண்டி வந்தது. காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தியிடம் உதவித்தொகைக்குச் சொல்லி, கவி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பங்கிய சப்தகோஷ் என்ற அந்தப் பேரகராதி முழுவதும் அச்சாகி முடிய ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. ஒரு தனி ஆசிரியர் செய்த வேலை அது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பில் எழுதுகிற நம் போன்றவர்களில் எத்தனை ஹரிசரண்கள் இருக்கிறார்களோ, சாயங்காலம் என்ன படிக்கிறாய் என்று கேட்கத்தான் ஆளில்லை.

பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த தொல்லையும் சிறிதல்ல. சுதேசி இயக்கத்தோடு சம்பந்தம் என்ற சந்தேகத்தால், அரசாங்க ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கே படிக்கவைப்பது தகாது என்று கிழக்கு வங்காள–அஸ்ஸாம் அரசாங்கம் சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துப் போனார்கள். 1913-ல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தைக் கவி பதிசரில் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் பாங்கியில் போட்டு, வட்டி பள்ளிக்கு வரும்படி செய்தார்.

இனி 1915-ம் வருஷத்துக் கதைக்கு வருவோம். இது நமக்கும் வேண்டியது. காந்திஜி தென்னாப்பிரிக்காவில் நடத்திய போனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் 1914 நவம்பரில் சாந்திநிகேதனம் வந்து தங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். தங்கள் சமையல், துப்புரவு எல்லாம் தாங்களே செய்துகொள்ளும் பழக்கமுள்ளவர்கள். 1915 பிப்ரவரி 17-ந் தேதி காந்திஜியும் கஸ்தூரிபாவும் வந்து சேர்ந்தார்கள். கவி அப்போது அங்கே இல்லை. இரண்டே நாளில் கோகலே காலமான செய்தி வந்து காந்திஜி புனாவுக்குப் புறப்பட்டார். திரும்ப வந்த மார்ச் 6-ந் தேதிதான் இருவரும் அங்கே சந்தித்தார்கள்.

காந்திஜி எங்கே போனாலும் சமையலறையை எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார். சம்பளத்துக்கு வைத்த சமையல்காரர்களை நிறுத்திவிட்டு ஆசிரியர்களும் மாணவர்களுமே சமைத்து, பாத்திரம் தேய்த்து, இடத்தையும் சுத்தம் செய்தால் என்ன என்று கேட்டார். சில ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒன்றிரண்டு பேர் தலையை ஆட்டினார்கள், நடக்காது என்று. பிள்ளைகளுக்குப் புதுசு என்றாலே குஷி. விஷயம் கவியிடம் போயிற்று.

நிலமும் பள்ளியும் அவருடையவை, அவருக்கு உலகப்புகழும் இருந்தது. கேட்டவரோ காந்திஜி. சரி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது, வேண்டாம் என்றாலும் முடிந்தது. இரண்டையும் அவர் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்குச் சம்மதமானால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று மட்டும் தெரிவித்தார். பிள்ளைகளிடம் பேசும்போது இந்தச் சோதனையில் சுயராஜ்யத்தின் சாவியே இருக்கிறது என்ற பொருளில் உற்சாகப்படுத்தினாராம்.

மார்ச் 10-ந் தேதி வேலை ஆரம்பமாயிற்று. நூற்றிருபத்தைந்து பிள்ளைகள். ஒரு கூட்டம் காய் நறுக்கியது, ஒரு கூட்டம் தானியம் புடைத்தது. நகேன் பாபு முதலிய ஆசிரியர்கள் மண்வெட்டியோடு சமையற்கட்டைச் சுற்றிச் சுத்தம் செய்தார்கள். பியர்சன் துரை சமையலறையே கதியென்று கிடந்தார். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சிலர் சிதார் வாசித்தார்களாம். நம் ஊரில் நாற்று நடுகிறவர்கள் பாடுவதில்லையா, அது போலத்தான்.

காந்திஜி மறுநாள் புறப்பட்டுப் போய்விட்டார். சோதனை சில வாரங்களே நடந்தது. பிறகு நின்றுவிட்டது. பலருக்கு அலுப்பு, படிப்புக்கும் நேரம் போதவில்லை. சமையல்காரர்கள் திரும்ப வந்தார்கள். தொடரவேண்டும் என்று கவி உத்தரவு போடவில்லை, நின்றதற்காக யாரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டு ஆரம்பித்த காரியம், அவர்களால் முடியாதபோது நின்றது. ஆசிரியர்களைக் கேட்கிறேன் என்று சொல்லும் நிர்வாகிகளை நாமும் பார்த்திருக்கிறோம். கேட்டபின் வருகிற பதில் தோற்றுப்போனாலும் அதைத் தாங்கிக்கொள்கிறவர்கள் அபூர்வம்.

இதனால் அவர் எல்லாவற்றையும் கூட்டத்தில் வைத்துத்தான் செய்தார் என்று யாரும் எண்ணவேண்டாம். பள்ளியை உலகப் பல்கலைக்கழகமாக்கும் எண்ணம் எந்த ஆசிரியர் கூட்டத்திலும் பிறக்கவில்லை. 1916-ல் அமெரிக்காவிலிருந்து மகனுக்கு எழுதிய கடிதத்தில் பிறந்தது. 1919-ல் அதற்காகவே நம் பக்கம் வந்து சென்னை, திருச்சி, கும்பகோணம், தஞ்சை, மதுரை என்று சுற்றிப் பேசினார். ஆசிரியர்களுக்கு வேலை கூடியது, சம்பளம் அப்படிக் கூடவில்லை. குருதேவர் என்று கும்பிடுகிற மனிதர் முன்னால் கைதூக்கி வேண்டாம் என்று சொல்வது சுலபமும் அல்ல.

ஆனாலும் சொன்னார்கள். 1920 மே மாதத்திலிருந்து 1921 ஜூலை வரை அவர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார். இங்கே ஒத்துழையாமை இயக்கம் மூண்டது. சாந்திநிகேதனத்து ஆசிரியர்கள் பலரும் காந்திஜி பக்கம் சாய்ந்தார்கள். கவியின் நெருங்கிய நண்பரான ஆண்ட்ரூஸே அந்தப் பக்கம்தான். கவிக்கு அது உடன்பாடில்லை. பள்ளியை அரசியலிலிருந்து விலக்கி வைக்கும்படி கப்பலிலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் ஆண்ட்ரூஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அவற்றில் கோபம் இருக்கிறது, வருத்தம் இருக்கிறது. எதிர்த்தவர்களை வெளியே போ என்று சொன்னதாக மட்டும் எங்கும் நான் படிக்கவில்லை. திரும்பி வந்த அதே வருஷம் டிசம்பர் 23-ந் தேதி விசுவபாரதியை முறைப்படி பொதுமக்களிடம் ஒப்படைத்தார். தத்துவ மேதை பிரஜேந்திரநாத் சீல் தலைமை வகித்தார். சட்டதிட்டங்கள் ஏற்பட்டன, நிர்வாக சபை வந்தது. தம் வங்காள நூல்களின் உரிமையையும் அதற்கே எழுதிவைத்தார். மகனுக்குச் சொத்தாகப் போயிருக்கவேண்டியது அது.

அங்கிருந்து விதை பல இடங்களுக்குப் பறந்தது. ஸ்ரீநிகேதனத்தில் கிராம வேலையைத் தொடங்கி நடத்திய எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1926-ல் தம் நாட்டில் டார்ட்டிங்டனில் ஒரு பள்ளி தொடங்கினார். விசுவபாரதியில் படித்த ஜி. ராமச்சந்திரன் 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உண்டாக்கினார்.

வயதான காலத்திலும் கவி நாடகக் குழுவை ஊர் ஊராக அழைத்துப் போய்ப் பள்ளிக்குப் பணம் திரட்டினார். 1940 பிப்ரவரியில் காந்திஜி கடைசியாக வந்து விடைபெற்றபோது, தமக்குப் பின் விசுவபாரதியைக் காப்பாற்றும்படி ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுத்தார். 1941 ஆகஸ்ட் 7-ந் தேதி, பிறந்த அதே ஜோராசங்கோ வீட்டில் காலமானார். வயது எண்பது.

1951-ல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சம்பளம் நிலைப்பட்டது, பென்ஷன் வந்தது. கூடவே துணைவேந்தரை மேலிருந்து நியமிக்கிற முறையும் வந்தது. ஆசிரியர்கள் வருஷா வருஷம் தங்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த ஏற்பாடு பழங்கதையாயிற்று. 2023-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மரங்களும் கண்ணாடிக் கோயிலும் அப்படியே இருக்கின்றன.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. மார்ச் 10-ந் தேதியை அங்கே காந்தி புண்ணியாஹம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குச் சமையல்காரர்களுக்கும் துப்புரவாளர்களுக்கும் விடுமுறை, ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த வேலைகளைச் செய்கிறார்கள். சில வாரங்களில் தோற்றுப்போன ஒரு சோதனையை நூறு வருஷத்துக்கு மேலாகக் கொண்டாடுகிற பள்ளி வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தேதியில் எனக்கு போல்பூரில் வேலை விழுந்தது. மதியம் உள்ளே போய்ப் பார்த்தேன். தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பமும் கையுமாக நின்றார். எந்தப் பக்கம் பெருக்குவது என்று ஒரு சின்னப் பெண் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவையும் போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அம்மாளிடம் சொன்னேன். முருங்கைக்காயைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், மார்ச் 10 என்ன கிழமை வருகிறது, ஹவுராவில் விடியற்காலை வண்டிக்கு ரிசர்வேஷன் வேண்டுமா என்று விசாரித்தார். உட்கார்ந்து போகிற வண்டிதான், முன்னாடியே எடுத்துவிடலாம் என்றேன். கூட வேலை பார்க்கிற இன்னும் மூன்று பேரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.